கேள்வி நேரம்: ஏசிக்குள் குமிழி

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. இரவுச் சமையல் நேரத்தில் ஹோல் ஏசி 'பொளக் பொளக்' என்கிறது. பார்க்க வந்தவர் காஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். நிரப்பவா?

பதில்: பொறுங்கள் அம்மா, பணத்தை எடுக்காதீர்கள். காஸ் குறைந்தால் முதலில் குளிர் குறையும், உள்ளே கொயிலில், அதாவது குளிர்விக்கும் குழாய்ச் சுருளில், ஐஸ் படியும். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை. சமையல் நேரம் என்றீர்களே, குசினி எக்ஸோஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? யன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு அதைப் போட்டால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வேறெங்காவது காற்று உள்ளே வரவேண்டும். ஏசித் தண்ணீர் வடியும் குழாய்தான் அதற்கு வழி. அதில் நிற்கும் தண்ணீரைக் கிளறிக்கொண்டு ஏறுகிறது, அதுதான் சத்தம்.

ஃபேன் ஓடும்போதே ஒரு யன்னலை நாலு விரல் திறந்து பாருங்கள். சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது. கடல் காற்றும் கொசுவும் வரும் என்றால், அந்தக் குழாயில், தண்ணீரை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வு போடலாம்.

சத்தம் நிற்காமல், சுவரில் தண்ணீரும் ஒழுகினால் குழாயில் பாசி அடைப்பு. சாக்கடை நாற்றம் வந்தால், குழாயை பாத்ரூம் கழிவுக் குழாயோடு நேராகச் சொருகியிருப்பார்கள். நம் கட்டடங்களில் இது சாதாரணம். இடையில் தண்ணீர் நிற்கும் வளைவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.