நியூட்ரலில் மலை இறங்குபவர்களுக்கும் சர்வீஸ் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் சமாச்சாரம்தான். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையாருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கின்றன, இந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கேரளாவில் பெட்ரோல் விலை கூட என்பதால் எல்லை தாண்டிப் போய்த்தான் போடுகிறேன். அதிகாலைக் குளிரில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்களே என்று ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடுவேன். 500 ரூபாய்க்குப் பதில் 510 ரூபாய்க்கு என்று கேட்டால் ஏமாற்ற முடியாதாமே? (வேலந்தாவளம்)

பதில்: விலை வித்தியாசத்துக்காகப் போவது சரி, உங்கள் ஊருக்கு எல்லை கூப்பிடு தூரம். ஆனால் அதற்காக விடியும் முன் எழ வேண்டாம். பங்கில் டேங்க் இருப்பது மண்ணுக்கு அடியில். காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறுவதில்லை. 510 கதையும் அப்படித்தான், அளவில் கைவைத்த மெஷின் எந்தத் தொகைக்கும் குறைத்துத்தான் ஊற்றும். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேளுங்கள். முத்திரை குத்திய அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் உங்கள் கண் முன்னால் ஊற்றிக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம். அதைவிடக் குறைந்தால் எடையளவு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள்.

கேள்வி: டீசல் கார். ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் கறுத்துவிட்டது. போலி ஆயிலா? (ஆனைமலை)

பதில்: நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டீசல் எஞ்சினின் கரியைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, அதனால்தான் கறுக்கிறது. மேனுவலில் சொன்ன கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 44 பிஎஸ்ஐ என்று அச்சாகியிருக்கிறது. பங்கில் பையன் 33தான் அடிப்பேன் என்கிறான். நான் சண்டை போட்டு 44 அடிக்க வைத்தேன். நைட்ரஜன் அடித்தால் இன்னும் நல்லதா? (கோபாலபுரம்)

பதில்: அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். டயரில் இருப்பது அது தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்து அடிக்க வேண்டும். நைட்ரஜன் கெடுதல் இல்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒரு முறை அளவு பார்ப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

டயர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ‘நல்ல தள்ளுபடி’ என்று நான்கு புது டயர் வாங்கினேன், ஒரே வருடத்தில் பக்கவாட்டில் வெடிப்பு விட்டது. தேதி பார்க்காமல் வாங்கியிருந்தேன், கடையில் ஐந்து வருடமாகக் கிடந்த சரக்கு. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பணம் கொடுக்கும் முன் நான்கு டயரிலும் அதைப் படியுங்கள்.

கேள்வி: வால்பாறையிலிருந்து இறங்கும்போது மாமனார் நியூட்ரலில் விடுகிறார், சில சமயம் சாவியையே அணைத்துவிடுகிறார். ஆழியார் வரை பெட்ரோல் மிச்சம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. (பொள்ளாச்சி)

பதில்: உங்கள் பயம் சரிதான். இதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் கார் கார்புரேட்டர் காலத்து வண்டி அல்ல. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரிய வேண்டும். மிச்சம் என்று நினைத்துக் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள். அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவு. எஞ்சின் பிடிக்க வேண்டிய வேகத்தையும் பிரேக்கே பிடித்துப் பிடித்துச் சூடாகும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அந்தச் சூட்டில் கொதித்துவிடும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. சாவியை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: வருடா வருடம் பங்குனி பிறந்ததும் ஏசி கேஸ் நிரப்புகிறேன். சரிதானே அண்ணா? (சித்தூர்)

பதில்: இல்லை. கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. வருடா வருடம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பல காரில் அது அடைத்துக்கொள்வதால்தான் காற்றே வராது.

கேள்வி: ரேடியேட்டரில் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கூலன்ட் விற்பதற்காகச் சொல்லும் கதைதானே? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பைப் பாருங்கள். அதுவேதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. கூலன்ட் வாங்குங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வருடத்தில் 6,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு சர்வீஸ் பில் 14,200. எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சினை உள்ளே கழுவுவதாம்), இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங் (காரின் அடிப்பகுதிக்குப் பூச்சு) என்று பட்டியல். வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். (பாலக்காடு)

பதில்: டீச்சர், நீங்கள் அனுப்பிய பில்லை மூன்று முறை படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. ஆயில், ஃபில்டர், சோதனைக் கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம். மீதி முழுக்க உங்களிடம் கேட்காமல் ஏற்றியது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு ஃப்ளஷ் எதற்கு? ஸ்டார்ட்டிங்கிலும் ஓட்டத்திலும் குறை இல்லாதபோது 6,000 கிலோமீட்டரில் இன்ஜெக்டரைக் கழுவி என்ன ஆகப் போகிறது? தனியாக வரும் பெண்கள், வயதானவர்கள் என்றால் இந்தப் பட்டியல் இன்னும் நீள்கிறது, இதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன்.

அண்டர்பாடி கோட்டிங்கில் நானே அடிபட்டவன். என் முதல் காருக்கு, மழைக்கால ஊர், துரு பிடிக்காது என்று சொன்னதை நம்பி 4,500 ரூபாய் கொடுத்தேன். ஏற்கெனவே இருந்த துருவைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிட்டார்கள். பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, மூன்றாம் வருடம் ஜாக்கி வைத்த இடம் அப்படியே உள்ளே போனது. வெல்டிங்குக்கு அதைப்போல மூன்று மடங்கு செலவு.

வாரண்டி மிரட்டலைப் பற்றி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது அந்த உத்தரவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் சண்டை வேண்டாம் என்றால் வாரண்டி முடியும் வரை அவர்களிடமே விடுங்கள், ஆனால் மேனுவலில் அந்தக் கிலோமீட்டருக்கு என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும். வண்டியை விடும்போது வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டில் ‘கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பில்லுக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள், கேட்காமல் செய்ததற்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: பாலக்காட்டில் ஒரு டீலரிடம் 3.8 லட்சத்துக்குப் பழைய கார் வாங்கினேன். ஒரே மாதத்தில் மின் இணைப்பு எல்லாம் கோளாறு. கார்ப்பெட்டைத் தூக்கினால் சேறு. வெள்ளத்தில் முங்கிய வண்டி என்கிறார் மெக்கானிக். ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்கிறார் விற்றவர். கேரளாவுக்குப் போய் வழக்குப் போட வேண்டுமா? (பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் மேல் தப்பில்லை, மறைத்து விற்றவர் மேல்தான் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு அது கோவை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வாங்கியதிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது, ஆனால் காத்திருக்க வேண்டாம். பழுது பார்க்கும் முன் சேற்றைப் படம் எடுங்கள், மெக்கானிக் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள், விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு இது மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்தன. வாங்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெளியே பளிச்சென்று கழுவியிருந்தாலும் உள்ளே சுருண்ட பகுதியில் கறை நிற்கும். சீட் தண்டவாளத்துப் போல்ட்டுகள், ஸ்டெப்னி கிடக்கும் குழி, இவற்றில் துரு இருந்தால் விலை பேசவே பேசாதீர்கள்.

தம்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாளைக்கே பேசிவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.