அமெரிக்க மருத்துவமனைத் தரவை வைத்து, உண்ணுதல் கோளாறு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கிட முடியுமா?

கேட்டவர் ஆய்வு மாணவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவன் அல்லன். சென்னையில் அமர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்கு (நோயாளிக் குறிப்புகளுக்கு) மெடிக்கல் கோடிங் செய்து, அதாவது மருத்துவர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டை இட்டு, பல ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன். நீங்கள் தரவு என்று எடுத்துக்கொள்ளும் எண்கள் எங்கள் விரல் வழியாகத்தான் போகின்றன என்பதால் எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த முதியவர் ஒருவரின் சார்ட்டில் ‘அனோரெக்ஸியா’ என்றிருந்ததைப் பார்த்ததும், உண்ணுதல் கோளாறுக்கான குறியீடான எஃப் 50.00 என்று போட்டுவிட்டேன். ஆடிட்டில் அது பிழையாகத் திரும்பி வந்தது. மருத்துவர் எழுதியது வெறும் பசியின்மை. அதற்கு ஆர் 63.0. எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ மட்டுமே எஃப் 50.0 வரிசையில் வரும்.

இப்படித் தவறாகச் சேர்பவர்களைவிட, விடுபடுபவர்களே எனக்கு அதிகம் உறுத்தினார்கள். ஓர் இளம்பெண்ணின் புறநோயாளர் குறிப்பில் (அடையாளம் தெரியாத அளவுக்கே சொல்கிறேன்) ஓயாத வாந்தி, இரத்தத்தில் பொட்டாசியக் குறைவு, பல் எனாமல் அரிப்பு, விரல் முட்டிகளில் தழும்பு எல்லாம் இருந்தன. மருத்துவரோ ‘புலிமியாவாக (மிகையாக உண்டுவிட்டு, வாந்தி எடுத்தும் பிற வழிகளிலும் அதை ஈடுகட்டும் கோளாறு) இருக்கலாம்’ என்று முடித்திருந்தார். புறநோயாளர் குறிப்பில் ‘இருக்கலாம்’ என்பதற்குக் குறியீடு இடக்கூடாது என்பது விதி. ஆகவே அறிகுறிகள் மட்டுமே தரவில் ஏறின, புலிமியா ஏறவில்லை. அதே சொற்கள் உள்நோயாளி ஒருவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்திருந்தால், நோய் உறுதியானதைப் போலவே குறியீடு இட்டிருப்போம். விதியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சந்தேகத்தையெல்லாம் நோயாகப் பதிந்தால் அது அந்தப் பெண்ணின் காப்பீட்டுப் பதிவில் ஒட்டிக்கொள்ளும்.

ஆண்டுவாரியாக ஒப்பிடுவதானால் இன்னும் கவனம் தேவை. கட்டுப்பாடின்றி மிகையாக உண்ணும் கோளாறுக்கு எஃப் 50.81 என்ற தனிக் குறியீடு 2016 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. அதுவரை அது ‘பிற’ என்ற மூட்டைக்குள் கிடந்தது. அந்தக் குறியீட்டின் எண்ணிக்கை அதற்குப் பின் ஏறினால், நோய் பெருகியது என்று எழுதிவிடாதீர்கள். பதிவு முறை மாறினாலும் எண்ணிக்கை மாறும்: குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உள்ள டென்மார்க்கிலேயே, மனநலப் பதிவேட்டில் புறநோயாளர்கள் சேர்க்கப்பட்டது 1995 முதல்தான்.

மருத்துவரிடமே போகாதவர்களுக்கு எந்தக் குறியீடும் கிடையாது. அவர்களை அறிய, ‘ஸ்காஃப்’ போன்ற ஐந்து கேள்விச் சோதனையுடன் மக்களிடம் நேரடியாகக் கணக்கெடுக்கத்தான் வேண்டும். கடுமையான நிலையில் மருத்துவமனையில் சேர்பவர்களின் போக்கை மட்டும் பார்ப்பதானால் இந்தத் தரவு உதவும். அப்போதும் சில நூறு சார்ட்டுகளையாவது ஒருவரை முழுமையாகப் படிக்க வைத்து, எஃப் 50 இல்லாமல் வாந்தியும் பொட்டாசியக் குறைவும் சேர்ந்து வரும் இளம் வயதினரின் குறிப்புகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.