கல்யாண டிவிடிகளுக்கு நகல்: கடையில் கொடுக்கவா, வீட்டிலேயே எடுக்கவா?

கேள்வி: 2004 முதல் 2012 வரை எங்கள் வீட்டில் நடந்த கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் 38 டிவிடி, 6 விசிடியாக இருக்கின்றன. சில டிஸ்க்குகள் பாதியில் நின்றுவிடுகின்றன. டிஸ்க்குக்கு 200 ரூபாய் கொடுத்தால் எம்பி4 ஆக்கி பென்டிரைவில் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: 44 டிஸ்க்குக்கு 8,800 ரூபாய் ஆகும். யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓடுகிற டிஸ்க்குகளை வீட்டிலேயே எடுங்கள். அடம்பிடிப்பதை மட்டும் கடைக்குக் கொண்டுபோகலாம்.

பணத்தைவிடப் பெரிய காரணம் அந்த எம்பி4. டிவிடியில் இருப்பது ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பெக்-2 படம், 720க்கு 576 புள்ளிகள். அதை மறுபடி சுருக்கினால் பட்டுப் புடவையின் ஜரிகையும் ஹோமப் புகையும் கட்டம் கட்டமாக உடையும். 4:3 படத்தை அகல டிவிக்கு இழுத்துவிட்டால் கல்யாணப் பெண்ணுக்குக் கன்னம் வீங்கிவிடும். ஆகவே யார் எடுத்தாலும் முதலில் வேண்டியது டிஸ்க்கின் முழு அச்சான ஐஎஸ்ஓ கோப்பு. எம்பி4 அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க்கிலிருந்து இமேஜ் கோப்பு உருவாக்கும் பிரிவைத் தேர்ந்து, கோப்புக்குத் தேதியும் நிகழ்ச்சியும் சேர்த்துப் பெயர் வையுங்கள். நல்ல டிஸ்க் 10 முதல் 15 நிமிடத்தில் முடியும். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, கணினி அதை 4.38 என்று காட்டுவது கணக்கு முறையின் வித்தியாசம்தான், எதுவும் விடுபடவில்லை. 38 டிவிடியும் நிரம்பியிருந்தாலும் மொத்தம் 180 ஜிபியைத் தாண்டாது. பென்டிரைவில் சேமிப்பதானால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. பலர் பாதியில் நிற்பது இங்கேதான்.

தனித்தனி வீடியோவாக வேண்டுமென்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள், படத்தை மறுபடி சுருக்காமல் எம்கேவி கோப்பாகப் பிரித்துத் தரும். ஆனால் 120 நொடிக்குக் குறைந்த துண்டுகளை அது தானாகவே ஒதுக்கிவிடும்; அமைப்பில் அந்த எண்ணைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். போனில் அனுப்பச் சிறிய எம்பி4 வேண்டுமா? ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் தர அளவை 18 முதல் 20க்குள் வைத்து, அசைவில் தெரியும் கோடுகளைப் போக்கும் டீஇன்டர்லேஸை இயக்கி, அளவு 576 ஆகவே இருக்கட்டும். 1080க்குப் பெருக்குவதால் கோப்புதான் பெருக்கும்.

கேள்வி: சிக்கி நிற்கும் டிஸ்க்கை என்ன செய்வது? பற்பசை தேய்த்தால் சரியாகுமாமே?

பதில்: வேண்டாம். பற்பசை தேய்ப்புப் பொருள். இருக்கும் கீறலோடு நூறு கீறல் சேர்க்கும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு தடமாக ஓடி, ஒரே இடத்தில் நீளமாகத் தரவை மறைத்துவிடும். படிக்க முடியாத தரவை ஈடுகட்டும் பிழைதிருத்தம் அங்கே தோற்கும்.

துடைத்தும் ஓடவில்லையென்றால் வேறொரு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். அதுவும் முடியாவிட்டால் லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பிறகு திரும்பத் திரும்ப முயலும். அதே வரைபடத்தை வைத்து இரண்டாவது டிரைவில் ஓட்டினால் விட்டுப்போன பகுதிகள் மட்டும் நிரம்பும். பிளாக் அளவை, அதாவது தரவுத் துண்டின் அளவை, 2048 என்று கொடுங்கள். ஒரு டிஸ்க்குக்கு இரவு முழுக்க ஆகலாம்.

ஸ்டுடியோவில் எழுதித் தந்த டிஸ்க்கில் தரவு இருப்பது கரிமச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் அதற்கு எமன். டிஸ்க்கின் மேற்பக்கத்தில் மணமக்கள் படம் ஒட்டியிருந்தால் அதை உரிக்காதீர்கள். விசிடியில் தரவு அடுக்கு அந்த மேற்பக்க வார்னிஷுக்கு நேர் கீழே இருக்கிறது. ஸ்டிக்கரோடு கல்யாணமும் உரிந்து வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும்.

விசிடிக்கு டிடிரெஸ்க்யூவோ ஐஎஸ்ஓவோ சரிப்படாது. கூடுதல் படம் கொள்வதற்காக அதன் வீடியோப் பகுதியில் ஓர் அடுக்குப் பிழைதிருத்தத்தையே நீக்கியிருப்பார்கள். தரவுத் துண்டுகளான செக்டர்களின் அமைப்பும் வேறு. இம்க்பர்னில் பின், க்யூ என இரட்டைக் கோப்பாக எடுங்கள். விசிடிகியர் என்ற மென்பொருள் அதை எம்பெக் வீடியோக் கோப்பாக்கிவிடும்.

கேள்வி: நகல் எடுப்பது சட்டப்படி சரியா?

பதில்: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பின்னணியில் கோத்த சினிமாப் பாட்டுக்கு அந்த உரிமை வராது; யூடியூபில் ஏற்றினால் சிக்குவது அதனால்தான். கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் வேறு சங்கதி: அதில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்கும், உரிமையை மீறும் நோக்கில் அதை உடைப்பதைக் குற்றமாக்கும், 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவும் உண்டு.

கேள்வி: எடுத்தபின் பழைய டிஸ்க்குகளை எறிந்துவிடலாமா?

பதில்: ஒவ்வொரு ஐஎஸ்ஓவையும் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் கடைசிக் காட்சிகள் விரல் படுகிற விளிம்பருகே இருக்கும். பிறகு ஒரே தொகுப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். அதன்பிறகும் டிஸ்க்குகளை எறிய வேண்டாம். கவரில் போட்டு, நிமிர்த்தி, பீரோவின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள்.