சளிக்கு ஜிங்க் போட்டால் கால் ஏன் மரக்கிறது?

கேள்வி: வயது 46. கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எதிர்ப்புச் சக்தி கூடும் என்று யூடியூபில் பார்த்து, இரண்டு வருடமாகத் தினமும் 50 மி.கி. ஜிங்க் மாத்திரை போடுகிறேன். அப்படியும் பனிக்காலத்தில் இரண்டு மூன்று தடவை சளி பிடிக்கிறது. நகத்தில் வெள்ளைப் புள்ளிகள் வேறு. ஜிங்க் இன்னும் போதவில்லையோ? கொஞ்ச நாளாகப் பாதம் மரத்த மாதிரி இருக்கிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. வயதாகிறதோ?

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நகப் புள்ளி எங்கேயாவது இடித்துக்கொண்டதாக இருக்கும், நகம் வளர வளரப் போய்விடும். வருடத்துக்கு இரண்டு மூன்று சளி எல்லோருக்கும் வருவதுதான். கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் செருப்பு விஷயம்தான் எனக்குக் கவலை.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்கு ஜிங்க் வேண்டும், சரி. ஆனால் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 13 மி.கி. பயறு, கடலை, முட்டை, கறி, பால் என்று சாப்பிட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது. நீங்கள் மாத்திரையிலேயே தாண்டிவிட்டீர்கள். மாதக்கணக்கில் ஜிங்க் மிஞ்சினால், குடல் தாமிரத்தை உள்ளே விடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்களும் குறையும். எதற்காக மாத்திரை போட்டீர்களோ அதற்கே கேடு! அதோடு தண்டுவடமும் பாதிக்கப்படலாம். பாதம் மரத்துப்போவது அப்படித்தான் தொடங்கும். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? இருட்டில் உங்கள் ஊர்ப் படிகளில் இறங்கும்போது கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் போகிறதா? இருந்தால் நாளைக்கே கிளம்புங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரம் தாண்ட வேண்டாம். ரத்தம் சீக்கிரம் தேறிவிடும். நரம்பு, தாமதித்தால் முழுசாகத் தேறாமலே போகலாம்.

சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைவு இரண்டிலும் இதே மாதிரி மரக்கும். அதற்காக மருந்துக் கடையில் கேட்டு பி12 ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தாமிர மாத்திரையும் தேடிப் போகாதீர்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்த அணுக்கள், சர்க்கரை, பி12, தாமிரம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தாமிரப் பரிசோதனைக்கு ரத்தத்தை வெளியே அனுப்ப வேண்டியிருக்கலாம், சலித்துக்கொள்ளாதீர்கள். ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் சத்து மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போய் மேஜைமேல் வையுங்கள்.