அழுதது யார்?

அன்புள்ள ஐயா,

என் கதையை மூன்று தடவை திருத்திவிட்டேன். தங்கையிடம் கொடுத்தால் முதல் வரியிலேயே ‘புரியலண்ணா’ என்கிறாள். எனக்கோ தெளிவாகத்தான் இருக்கிறது. திருத்தும்போது எதைப் பார்ப்பது? முதல் வரி இது: “நேற்று மதுரையிலிருந்து வந்த அப்பாவின் நண்பர் கொடுத்த பழைய கடிகாரத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது.”

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தங்கை சொல்வது சரி. மதுரையிலிருந்து வந்தது அப்பாவா, நண்பரா? ‘நேற்று’ வந்ததற்கா, கொடுத்ததற்கா, பார்த்ததற்கா? அழுதது யார்? உங்களுக்கு எல்லாம் முன்பே தெரியும், அதனால் முப்பது தடவை படித்தாலும் கண்ணில் படாது. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்று உண்டு, அதுதான் இது.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், படிப்பவர் வழியில் கிடைத்ததையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு அதுவரை நடந்தாக வேண்டும். ஆகவே வந்த, கொடுத்த, பார்த்ததும் என்று எச்சம் வரும் இடத்திலெல்லாம் நின்று ‘யார்?’ என்று கேளுங்கள். ஆள் மாறினால் அங்கே உடையுங்கள்: “அப்பாவின் நண்பர் நேற்று மதுரையிலிருந்து வந்திருந்தார். பழைய கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார். பார்த்ததும் அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது.”

அதற்காக எல்லாவற்றையும் துண்டு துண்டாக நறுக்கிவிடாதீர்கள். ‘எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்’ என்பதும் நீளம்தான், ஆனால் அத்தனையும் ஒருவனே செய்வதால் எங்கும் தடுக்காது.

‘பட்டது’ என்று முடியும் வரிகளையும் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகை ஆசிரியர் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ‘முடிவு செய்யப்பட்டது’, ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று வந்த இடங்களிலெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ‘யார்?’, வேறு ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு நாள் கோபத்தில் அதைத் தொடவே இல்லை. அப்புறம் உட்கார்ந்து ‘இன்னார் முடிவு செய்தார்’ என்று மாற்றப் போனபோதுதான், முடிவெடுத்தது யாரென்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. விசாரித்துத் தெரிந்துகொள்ள இரண்டு பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது.

எழுதியதை நாலு நாள் கண்ணில் படாமல் வையுங்கள், பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும், அங்கேயே நின்று திருத்த வேண்டாம்.

அந்தப் ‘பழைய’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. சாவி கொடுக்கிற கடிகாரமா? ஓடுகிறதா, நின்றுவிட்டதா? அடுத்த பிரதியைத் தங்கை படித்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.