கையிலிருக்கும் பதிவு சாட்சியாகுமா?

இம்மாதக் கடிதங்களில் பலவும் பதிவைப் பற்றியவை. பத்திரப்பதிவு அல்ல, செல்போனிலும் கேமராவிலும் நாம் அறிந்தும் அறியாமலும் நடக்கும் பதிவு. அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: பூர்வீக வீட்டில் என் பாகத்தை விட்டுக்கொடுத்தால் பன்னிரண்டு லட்சம் தருவதாக என் பெரியண்ணன் போனில் பேசினார். இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். அந்தப் பேச்சு என் செல்போனில் தானாகப் பதிவாகியிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தது குற்றமா? நீதிமன்றம் அதை ஏற்குமா?
– வாசகர், கும்பகோணம்

ப: குற்றமில்லை. ஒருவர் தாமே பேசிக்கொண்டிருக்கும் அழைப்பைப் பதிவு செய்வதைத் தண்டிக்கும் தனிச் சட்டப்பிரிவு நம் நாட்டில் இல்லை. இருவர் பேசுவதை மூன்றாமவர் இடைமறித்துக் கேட்பதுதான் ஒட்டுக்கேட்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வேறு நிலை. அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்யப் பேசுவோர் அனைவருடைய சம்மதமும் அங்கே வேண்டும்.

நீதிமன்றம் ஏற்குமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1972இலேயே, ஆர்.எம். மல்கானி வழக்கில், விடை சொல்லிவிட்டது. பம்பாயின் மரண விசாரணை அதிகாரி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளி இறந்துபோன விவகாரத்தில் லஞ்சம் கேட்டார். இடையில் நின்று பேசிய மருத்துவர், தம் தொலைபேசியில் டேப்ரெக்கார்டரை இணைக்க லஞ்ச ஒழிப்புப் போலீசாருக்கு இசைவு தந்தார். பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்துவிட்டால் அது இடைமறிப்பாகாது என்று சொன்ன நீதிமன்றம், அப்பதிவை ஏற்பதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்தது: பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று அடையாளம் காட்டப்பட வேண்டும், எதுவும் வெட்டப்படவோ ஒட்டப்படவோ இல்லை என்பது விளங்க வேண்டும்.

உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் மூன்றாவது நிபந்தனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்பவர் அதனோடு ஒரு சான்றிதழையும் தர வேண்டும் என்கிறது. சான்றிதழின் முதல் பகுதியில் நீங்களும் இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அதில் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஷா-256 என்ற முறையில் கணக்கிட்டால் எழுத்தும் எண்ணும் கலந்து 64 இடங்கள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். பதிவின் தொடக்கத்தில் உள்ள ‘ஹலோ’வை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள், முந்தைய வரிக்கும் இதற்கும் ஒட்டும் இராது, உறவும் இராது.

ஆகவே அந்தக் கோப்பை எதுவும் செய்யாதீர்கள். ‘முக்கியமான இடத்தை மட்டும்’ வெட்டி மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம். அப்படிப் போய்ச் சேரும் கோப்புக்குப் புதுப் பெயரும் புதுத் தேதியும் வந்துவிடும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பதும் அதையே. ஆடித் தள்ளுபடியில் பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப் போடுங்கள். அசல் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அது தம்முடையது என்று அதன் உரிமையாளரே சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவைப்படாது என்று, பழைய சாட்சியச் சட்டம் இருந்த காலத்திலேயே, 2020ஆம் ஆண்டின் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு கூறியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் வாக்குக் கொடுத்தார் என்பதைத்தான் பதிவு காட்டும். உங்கள் பாகம் கைமாறுவதற்குப் விடுதலைப் பத்திரம், அதாவது பாகத்தை விட்டுக்கொடுக்கும் ஆவணம், எழுதிப் பத்திரப்பதிவு செய்யப்பட வேண்டும். அதில் இன்னும் கையெழுத்திடவில்லை என்றால், ஒலிப்பதிவைவிடப் பெரிய பலம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

கே: யாருடைய குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிவிடலாம் என்கிறார்கள். இனிமேல் ஒலிப்பதிவுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: பொய்ப் பதிவு மெய்யாகிவிடுமோ என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது, மெய்ப் பதிவில் சிக்கியவர் ‘அது நான் பேசியதல்ல, ஏஐ செய்த வேலை’ என்று கைகழுவிவிடும் வசதி. கும்பகோணத்துப் பெரியண்ணனுக்கும் நாளை யாராவது இந்த யோசனையைச் சொல்லக்கூடும்.

அதற்கும் வழி உண்டு. குற்ற வழக்குகளில் குரல் மாதிரி தருமாறு ஒருவருக்கு ஆணையிட நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு என்று ரித்தேஷ் சின்ஹா வழக்கில் 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையியல் வழக்குகளில் அறிவியல் ஆய்வுக்கென ஆணையரை நியமிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளையில் இடமிருக்கிறது.

ஆய்வுக்கூடம் குரலை மட்டும்தான் கேட்கிறது என்று எண்ண வேண்டாம். மின்விசிறியும் குழல்விளக்கும் ஓடுகிற அறையில் பதிவு செய்தால், நம் காதுக்கு எட்டாத அளவில் ஒரு மெல்லிய ‘ம்ம்ம்’ ஒலியும் பதிவில் ஏறிவிடக்கூடும். அது மின்சாரத்தின் ரீங்காரம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உண்மையில் அது ஒருபோதும் சரியாக 50இல் நிற்பதில்லை. தேவை கூடினால் சற்று இறங்கும், குறைந்தால் சற்று ஏறும், 49.90க்கும் 50.05க்கும் இடையே அதை வைத்திருப்பதுதான் மின்தொகுப்பை, அதாவது மின்நிலையங்களையும் மின்பாதைகளையும் ஒன்றாகப் பிணைக்கும் அமைப்பை, இயக்குபவர்களின் இலக்கு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடம் வழியாகத் தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கப்பட்டதிலிருந்து, இந்த ஏற்ற இறக்கம் நாடு முழுவதும் ஒன்றாகவே நடக்கிறது. திருநெல்வேலியில் உங்கள் வீட்டு விசிறிக்கும் அமிர்தசரஸில் எவர் வீட்டு விளக்குக்கும் இந்த நொடியில் ஒரே அதிர்வெண்தான்.

இந்த ஏற்ற இறக்கம் மின்தொகுப்பின் கட்டுப்பாட்டு மையங்களில் தொடர்ந்து குறிக்கப்பட்டு வருகிறது. பதிவிலிருந்து ரீங்காரத்தைத் தனியே பிரித்து அக்குறிப்போடு ஒப்பிட்டால், எந்த நாளில் எந்த நேரத்தில் அது பதிவானது என்று கண்டறியும் வாய்ப்பு உண்டு. நடுவே வெட்டியிருந்தால் ரீங்காரத்தின் கோடு அவ்விடத்தில் முறிந்து நிற்கும். ருமேனிய ஆய்வாளர் கட்டலின் கிரிகோராஸ் முன்னெடுத்த இம்முறையை லண்டன் பெருநகரக் காவல்துறையின் தடயவியல் பிரிவு பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் இதற்கு எல்லைகள் உண்டு. பதிவு சில நிமிடங்களாவது நீள வேண்டும். செல்போன் அழைப்பில் வரும் குரல் சுருக்கி அனுப்பப்படுவதால் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் வழியிலேயே அழிந்துவிடும். நேரில் உட்கார்ந்து பேசியதன் பதிவுக்கே இது அதிகம் பொருந்தும்.

கே: விவாகரத்து வழக்கில் என் கணவர், நான் யார் யாருடன் எவ்வளவு நேரம் பேசினேன் என்ற பட்டியலைத் தாக்கல் செய்திருக்கிறார். தொலைபேசி நிறுவனத்தில் தெரிந்தவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தாராம். இதை அனுமதிப்பார்களா?
– வாசகி, திண்டுக்கல்

ப: இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அப்படி எடுத்தது தவறா என்பது ஒன்று. தவறாக எடுத்ததைச் சாட்சியமாக ஏற்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை தெளிவானது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ள 42ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் தரவுகளை உரிமையின்றி எடுப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். அழைப்பு விவரப் பட்டியலும் அத்தரவுகளில் அடங்கும் என்று சட்டமே விளக்குகிறது. நிறுவனத்துத் ‘தெரிந்தவர்’ இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு வரும்போதுதான் தரை வழுக்குகிறது. சட்டவிரோதமான சோதனையில் கிடைத்தது என்பதற்காகவே ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று பூரண்மல் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வந்த வழி எதுவானாலும் சரக்கு சரியாக இருந்தால் போதும் என்பதே அதன் சாரம். நம் அரசமைப்பில் அந்தரங்க உரிமை என்ற ஒன்று எழுதப்படவில்லை என்ற 1954ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா தீர்ப்பில் அது சாய்ந்து நின்றது. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது எம்.பி. சர்மாவின் அந்தத் தூண் விழுந்துவிட்டது. தூண் விழுந்த பிறகும் பூரண்மல் என்ற கூரை நிற்கிறதே என்பதுதான் என் போன்றவர்களின் குறை.

உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கில், மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் ரகசியமாக எடுத்துத் தாக்கல் செய்ததை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. அந்தரங்க உரிமையை மீறிப் பெற்றது சாட்சியமாகாது, துணையை வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்கக் கூடாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்க வேண்டியது இத்தீர்ப்பு.

எதிர்த்தரப்பு எடுத்து வைக்கப்போவது வேறொன்று. 2025 ஜூலை 14 அன்று, விபோர் கர்க் வழக்கில், மனைவியோடு தாம் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்ததை உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. கணவன் மனைவிக்குள் பேசியதை வெளியே சொல்ல வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, அவ்விருவருக்கும் இடையே நடக்கும் வழக்கில் பொருந்தாது என்பது அதன் அடிப்படை. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த மணவாழ்வு ஏற்கெனவே முறிந்துவிட்டதன் அறிகுறி அது என்றும் நீதிமன்றம் கூறியது.

இரண்டும் ஒன்றல்ல என்பதை உங்கள் தரப்பு அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே கணவர் பதிவு செய்தது, தாமும் ஒரு பக்கமாக இருந்த பேச்சு. இங்கே எடுக்கப்பட்டிருப்பது நீங்கள் உங்கள் அம்மாவோடும் தோழியோடும் மருத்துவரோடும் பேசியதன் கணக்கு. அதோடு நிறுவனத்தின் பட்டியலுக்கு, முதல் பதிலில் சொன்ன 63ஆம் பிரிவுச் சான்றிதழைத் தர வேண்டியவர், அப்பட்டியல் உள்ள கணினிக்குப் பொறுப்பானவர். கொல்லைப்புறமாகக் கொடுத்தவர் கையெழுத்திட முன்வரமாட்டார். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, சாட்சிய விதிகளைத் தளர்த்திக்கொள்ள நீதிபதிக்கு இடம் தருவதால் முடிவை முன்கூட்டிச் சொல்ல இயலாது. அழைப்பு விவரங்கள் உண்மையிலேயே தேவை என்றால் நீதிமன்றம் வழியாகவே அவற்றை வரவழைக்க மனுச் செய்யலாம். நிறுவனங்கள் அவற்றை இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

கே: மிக்ஸி வாங்க வேண்டும் என்று வீட்டில் பேசினோம், அரை மணியில் போனில் மிக்ஸி விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதா?
– வாசகர், சேலம்

ப: இல்லை என்றே நினைக்கிறேன். 2018இல் அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தபோது, ரகசியமாக ஒலியைப் பதிந்து அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாகச் சில செயலிகள் திரையைப் படம்பிடித்து அனுப்பியது தெரியவந்தது. அதே நேரம், குரல் உதவியாளர் தவறுதலாக விழித்துக்கொண்டு பதிவு செய்தது என்ற வழக்கில் ஆப்பிள் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தபடியே 9.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டதும் உண்மை. பேசுவதற்கு முன்பு உங்கள் வீட்டில் யாராவது மிக்ஸி விலையைத் தேடியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கே: பக்கத்து வீட்டார் பொருத்திய சிசிடிவி கேமரா எங்கள் கொல்லையில் துணி துவைக்கும் கல்லைப் பார்த்தபடி இருக்கிறது. கேட்டால் ‘என் வீடு, என் கேமரா’ என்கிறார்கள். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவுமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: அந்தச் சட்டம் உதவுவது கடினம். தனிநபர் ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவே விலக்களித்துவிட்டது. ஒரு பெண் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எண்ணக்கூடிய இடத்தில் அவளது அந்தரங்கச் செயலைப் படம்பிடிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். குளியலறை வாசல் கேமராவின் பார்வையில் விழுமானால் காவல் நிலையத்துக்கே போகலாம். துவைக்கிற கல் மட்டும் என்றால், பார்வையைத் திருப்பச் சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதே வழி.

அதற்கு முன்பு ஒன்று செய்து பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிடும் வசதி இருக்கிறது. பொருத்திக் கொடுத்தவரை அழைத்தால் சில நிமிட வேலை. வீட்டுக்காரரைவிட அந்த வீட்டு அம்மாளிடம் சொல்லுங்கள். மறைத்த பிறகு கொல்லை எப்படித் தெரிகிறது என்று அவருடைய போனில் ஒரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.