அண்ணாச்சி கடையின் பின்கட்டு

அன்புள்ள ஐயா,

வெகுநாள் கழித்துப் புரசைவாக்கம் வந்திருந்தேன். மெட்ரோ வேலைக்காக நெடுஞ்சாலையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். நாங்கள் மளிகை வாங்கிய அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பா கட்டிக் காத்ததை மகன் விற்றுத் தின்றுவிட்டார் என்று பக்கத்தில் சொன்னார்கள். மனம் ஆறவில்லை. இப்படிப்பட்ட குடும்பக் கடைகளை மரபுச் சின்னமாக அறிவிக்கும்படி அரசிடம் கேட்கலாமா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

அந்தக் கடை எனக்கும் தெரியும். அண்ணாச்சி தினத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, சர்க்கரையை நிறுத்துப் போட்டு, மேலிருந்து தொங்கும் நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி விரலாலேயே அறுப்பார். பொட்டலம் வீடு வரை பிரியாது. கூடவே ஒரு துண்டு வெல்லம் கையில் வந்து விழும். அதை நினைத்து நீங்கள் கலங்கியது எனக்குப் புரிகிறது.

மெட்ரோவை விடுங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்குப் போகும் பாதை ஏதாவது ஒரு தெருவைத் தோண்டித்தான் ஆக வேண்டும். மகன் விற்றார் என்பதும் பொய். விற்பதற்கு அது அவர்கள் கட்டடமா? வாடகை இடம். 2019இல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தமில்லாமல் தலைமுறையாக இருந்தவர்களுக்குப் பிடிமானம் போயிற்று. உரிமையாளர் கேட்டார், காலி செய்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். குடும்பக் கடை என்று எழுதுகிறீர்கள். அண்ணாச்சி இருக்கிறார், மகன் இருக்கிறார். அண்ணாச்சியின் மனைவி, அந்த அம்மாள் எங்கே?

பின்கட்டில் தரையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். உளுந்தை முறத்தில் புடைத்துக் கல் பொறுக்குவார். மூட்டைப் பருப்பைக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி வைப்பார். புளிப்பு ஏறி விரல் நுனிகள் வெடித்திருக்கும். மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளும் நாளில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். அண்ணாச்சி சாப்பிடப் போனால் கல்லாவில் உட்கார்வார், அவர் திரும்பியதும் எழுந்து உள்ளே போய்விடுவார். அந்தக் கடை உளுந்தில் கல் இருக்காது என்று ஊரே சொன்னதே, அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை அவருடைய கண்கள். காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும். இரவு பத்துக்கு மேல்தான் எண் பார்த்துப் பலகைகளைச் சொருகிப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு அவருக்கு அடுப்படி வேலை.

சட்டமும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைகளுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைக்காரரோடு வாழ்ந்து அவரை நம்பியிருக்கும் மனைவியும் பிள்ளைகளும் பணியாளர்கள் அல்லர். விடுமுறை, வேலை நேரம் எதுவும் அவர்களுக்கு இல்லை. 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே சட்டத்தைத் திருத்தினார்கள். ஜவுளிக் கடைப் பெண்கள் கால் கடுக்க நின்ற கொடுமைக்கு அது நல்ல மருந்து. அண்ணாச்சி கடை அம்மாளுக்கு அதிலும் இடமில்லை. நீங்களும் நானும் விலை குறைவு என்று வாங்கியதில் அவருக்குக் கொடுக்காத கூலியும் சேர்ந்திருந்தது.

மகன் பள்ளி விட்டு வந்ததும் எண்ணெய் அளந்தவர். தீபாவளிக்கு முந்தைய இரவுகளைக் கடையிலேயே கழித்தவர். இன்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உள்ள வேலையில் இருக்கிறார். நீங்கள் பெங்களூரில் உங்கள் பிழைப்பைத் தேடிக்கொள்ளலாம், அவர் மட்டும் உங்கள் பால்ய நினைவுக்காகக் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அக்கம்பக்கத்தில் கேட்டதை அப்படியே கடிதத்தில் எழுதினீர்களே, அதற்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மரபுச் சின்னம் பற்றி விருப்பமிருந்தால் மனு எழுதுங்கள். அதற்குமுன் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது மகனோடு கொளத்தூரில் இருக்கிறார். மகனிடம் அனுமதி கேட்டு முகவரி அனுப்புகிறேன். போனதும் அண்ணாச்சியின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். அந்த அம்மாள் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள், நிறையச் சொல்வார்.